ஒலிபெருக்கிக்கு ஏன் நூறு வோல்ட்டு?

சென்ற பொங்கல் விழாவுக்கு வந்திருந்த நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மேடைக்கு எதிரே அமர்ந்தவர்களுக்குப் பேச்சு கணீரென்று கேட்டது. திடலின் மறுகோடியில், பந்தி நடந்த பந்தலில் கட்டியிருந்த இரண்டு குழாய் ஒலிபெருக்கிகளோ முனகிக்கொண்டிருந்தன. விடியுமுன் எழுந்து, இவ்வூர்த் தைக் குளிரில் நமக்கெல்லாம் பொங்கலிட்ட விடுதிச் சமையற்காரருக்கு மேடையிலிருந்து பெயர் சொல்லி நன்றி கூறினார்கள், கூட்டம் கைதட்டிற்று. பந்தலில் பரிமாறிக்கொண்டிருந்த அவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. “எதுக்குத் தம்பி கை தட்டுறாங்க?” என்று என்னையே கேட்டார். ஒலிபெருக்கிக்குப் பொறுப்பாளன் நான்; பௌதிகம் படிப்பவன் வேறு. அன்றிரவே கணக்குப் போட உட்கார்ந்தேன்.

பந்தலுக்கென்று தனியே வைத்திருந்த ஆம்ப்ளிபயர் 100 வாட்டு ஆற்றலுள்ளது. அதன் 4 ஓம் முனையில் கம்பியை மாட்டியிருந்தோம். 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகும். ஆகவே பொருத்தம் சரி என்று எண்ணினோம். (நுட்பமாகச் சொன்னால் இது வெறும் தடை அன்று, அதிர்வெண்ணுக்கேற்ப மாறுவது, நம் கணக்குக்குத் தடையென்றே கொள்வோம்.) 4 ஓமில் 100 வாட்டு வேண்டுமானால் 20 வோல்ட்டு அழுத்தமும் 5 ஆம்பியர் ஓட்டமும் வேண்டும். இவ்வளவும் சரிதான். நாங்கள் மறந்தது கம்பியை!

மேடையிலிருந்து பந்தல் 150 மீட்டர். மின்னோட்டம் போய்த் திரும்பவேண்டுமாதலால் செம்புக் கம்பியின் நீளம் 300 மீட்டர். ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்புள்ள கம்பிக்கு இத்தொலைவில் தடை ஏறக்குறைய 5.2 ஓம். பாருங்கள், ஒலிபெருக்கிகளின் தடையைவிடக் கம்பியின் தடை மிகுதி! மொத்தம் 9.2 ஓம்; 20 வோல்ட்டுக்கு அதில் ஓடுவது 2.2 ஆம்பியருக்கும் சற்றுக் குறைவு. விளைவு, 100 வாட்டு சேரவேண்டிய இடத்தில் 19 வாட்டே சேர்ந்தது. கம்பியைச் சூடாக்குவதில் மட்டும் 24 வாட்டுக்கு மேல் வீணாயிற்று. நம் பேச்சாளர்களின் சொல்வன்மையில் பெரும்பகுதி கம்பிக்கே குளிர்காயப் பயன்பட்டது என்க.

தடித்த கம்பி வாங்கலாமே எனலாம். செம்பு விற்கும் விலையில் நம் சங்கத்தின் ஆண்டுச் சந்தா அதற்கே போய்விடும். வேறு வழி உண்டு. கம்பியில் வீணாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே ஆற்றலை உயர்ந்த அழுத்தத்தில் அனுப்பினால் ஓட்டம் குறையும். ஓட்டம் பாதியானால் இழப்பு கால்பங்காகும். சென்னைக் கடற்கரை–தாம்பரம் மின்ரயில் 1931இல் தொடங்கியபோது 1,500 வோல்ட்டு நேர்மின்னோட்டத்தில் ஓடியது. 1960களில் 25,000 வோல்ட்டு மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. விடுமுறைக்கு நம்மை ஊர் சேர்க்கும் வண்டிகளும் அந்த 25,000 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. பெரிய திடலுக்கும் ரயில் நிலையத்துக்கும் ஒலிபெருக்கி அமைப்போர் கையாள்வதும் இதே உபாயந்தான்.

ஆம்ப்ளிபயரின் பின்புறத்தில் 4, 8, 16 ஓம் முனைகளுக்கு அருகே 70, 100 வோல்ட்டு என்று குறித்த முனைகளும் இருக்கும். நம் நாட்டில் 100 பெருவழக்கு, அமெரிக்காவில் 70. இம்முனையிலிருந்து கம்பி இழுத்து, ஒவ்வோர் ஒலிபெருக்கியின் அருகிலும் அழுத்தத்தை இறக்கும் சிறு மின்மாற்றி ஒன்று வைக்கவேண்டும். 50 வாட்டு எடுக்கும் மின்மாற்றி கம்பியின் பக்கம் 200 ஓமாகத் தோன்றும். இரண்டும் சேர்ந்து 100 ஓம். இப்போது கம்பியின் 5.2 ஓம் ஒரு பொருட்டே அன்று. அதே கம்பி, அதே தொலைவு. சேர்வது 90 வாட்டு!

19க்கும் 90க்கும் ஏறக்குறைய ஐந்து மடங்கு வேறுபாடு எனினும், காதுக்கு ஓசை ஐந்து மடங்காகத் தோன்றாது; 7 டெசிபல் அளவே கூடும். ஆனால் பந்தி இரைச்சலுக்கிடையே சொல் விளங்குவதற்கும் விளங்காமைக்கும் அந்த 7 போதும்.

இன்னொரு வசதி: மின்மாற்றியில் 5, 10, 20 வாட்டு எனப் பல முனைகள் இருக்கும். சமையற்கூடத்துக்கு 5, பந்தலுக்கு 20 என்று இடத்துக்கேற்ப மாட்டலாம். ஓம் கணக்கு வேண்டியதில்லை. எல்லா வாட்டுகளையும் கூட்டினால் ஆம்ப்ளிபயரின் ஆற்றலுக்குச் சற்று உள்ளடங்கி இருக்கவேண்டும், அவ்வளவே.

100 வோல்ட்டு என்றதும், வீட்டு மின்சாரம்போல் கம்பியில் எப்போதும் அவ்வழுத்தம் நிற்கும் எனப் பலர் கருதுகின்றனர். அன்று. ஆம்ப்ளிபயர் தன் முழு ஆற்றலில் முழங்கும்போதுதான் 100, மெல்லப் பேசினால் சில வோல்ட்டு, மௌனத்தில் ஒன்றுமில்லை. ஆயினும் திறந்த இணைப்பைத் தொடாதீர்கள். யார் எப்போது உரக்கப் பேசுவார் என்பதை யாரறிவார்?

இனி என் இரண்டாம் பிழை. சென்ற மாத ஒத்திகையில், நூல் படித்த உற்சாகத்தில் மின்மாற்றி இல்லாமலே ஒலிபெருக்கிகளை 100 வோல்ட்டு முனையில் மாட்டிவிட்டேன். 4 ஓமுக்கு 100 வோல்ட்டு என்றால் 2,500 வாட்டு கேட்கிறோம் என்று பொருள். “ஹலோ” என்பதற்குள் பியூஸ் போயிற்று. ஒலிச்சுருள் பிழைத்தது நல்லூழ்.

குறையும் உண்டு. அதிர்வெண் தாழத் தாழ மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தில் காந்தப்பாயம் பெருகித் தெவிட்டிவிடும். சிறிய, மலிவான மின்மாற்றியில் மிருதங்கத்தின் தொப்பி ஒலி கரகரக்கும். எனவே கச்சேரிக்கு மேடையருகே உள்ள ஒலிபெருக்கிகள் பழையபடியே இருக்கட்டும். தொலைவிலுள்ள பந்தலுக்குப் பேச்சு சேர்வதே நம் தேவை.

மின்மாற்றிகள் இரண்டு வாங்கியாயிற்று. விழாவுக்கு முந்திய நாள் மாலை நான்கு மணிக்குக் கம்பி இழுக்க நால்வர் திடலுக்கு வந்தால் உதவியாக இருக்கும். சோதிக்கும்போது கேட்கிறதா இல்லையா என்று சொல்ல, சமையற்காரரையே பந்தலில் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறேன்.