கறுப்புத் திரையில் ஒரு வரி

தூத்துக்குடியில் 2024 இறுதியில் நியோ டைடல் பூங்கா திறந்தாயிற்று. மென்பொருள் அலுவலகங்கள் வந்தால், அவற்றோடு சில நம்பிக்கைகளும் வரும். நிரலைத் தொகுத்து, சோதித்து, வெளியிடும் வேலைகளைத் தானாகச் செய்யும் ஜென்கின்ஸ் சர்வரைப் பற்றியவை அவற்றில் சில. மவுசைத் தொடாமல் கமாண்ட் லைனிலேயே அதற்குக் கூடுதல் வசதி தரும் பிளகின்களை ஏற்றுகிறவர்தான் கெட்டிக்காரர் என்பது எல்லாவற்றுக்கும் தலையானது.

'கோப்பை பிளகின் ஃபோல்டரில் போட்டால் முடிந்தது' என்பார்கள். முடியாது. ரீஸ்டார்ட் ஆகும்வரை ஜென்கின்ஸ் அதைக் கண்டுகொள்ளாது. அந்த பிளகினுக்குக் கட்டாயம் வேண்டிய மற்ற பிளகின்களையும் நீங்களே தேடிப் போட வேண்டும்.

அதிகம் பேரை ஏமாற்றுவது வெர்ஷன் எண்தான். 'இன்ஸ்டால்-பிளகின்' கட்டளையில் பெயருக்குப் பின் முக்காற்புள்ளி வைத்து 1.4 என்று அடித்தால் 1.4தான் வரும் என்று நினைக்கிறோம். ஜென்கின்ஸ் அதை 'குறைந்தது 1.4' என்றே எடுத்துக்கொள்ளும்; அப்டேட் சென்டரில் அன்றைக்கு என்ன இருக்கிறதோ அதுதான் இறங்கும். ஆறு மாதம் கழித்து அதே கட்டளையால் எழுப்பும் சர்வர் பழையதைப் போல் இருக்காது. குறிப்பிட்ட வெர்ஷனே வேண்டுமென்றால் பெயரையும் எண்ணையும் ஒரு கோப்பில் பட்டியலிட்டு, 'ஜென்கின்ஸ்-பிளகின்-சிஎல்ஐ' கருவியிடம் கொடுக்க வேண்டும். 2019-இல் கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் உருவான இந்தக் கருவி, ஜென்கின்ஸின் அதிகாரபூர்வ டாக்கர் இமேஜிலேயே இருக்கிறது. சார்பு பிளகின்களையும் சேர்த்து இறக்கும். ஆனாலும் நேரே அசல் சர்வரில் ஏற்றாதீர்கள்; முதலில் சோதனை சர்வரில் ஏற்றிப் பாருங்கள். தூத்துக்குடியில் 1961-ஓடு நின்றுபோன முத்துக்குளிப்பில்கூட, கடலடிப் பாரிலிருந்து கொஞ்சம் சிப்பி அள்ளி, உள்ளே தேறும் முத்தை மதிப்பிட்ட பிறகே குளிப்புக்கு நாள் குறித்தார்கள்.

இன்னொரு நம்பிக்கை ஆபத்தானது: 'கமாண்ட் லைன் நிர்வாகிக்கு மட்டுமே உரிய வழி, வெளியாள் நுழைய முடியாது.' 2024 ஜனவரியில் அது உடைந்தது. கட்டளையில் '@' குறியும் ஒரு கோப்பின் பாதையும் கொடுத்தால், ஜென்கின்ஸ் அந்தக் கோப்பைத் திறந்து உள்ளடக்கத்தைக் கட்டளையோடு சேர்த்துக்கொண்டது. கடவுச்சொல்லே இல்லாதவரும் சர்வரிலுள்ள கோப்புகளின் முதல் சில வரிகளைப் படிக்க முடிந்தது. 2.442-லும் நீண்டகால ஆதரவு வெர்ஷன் 2.426.3-லும் ஓட்டை அடைபட்டது.

எல்லோரும் மேம்படுத்திவிடவில்லை. அதே ஆண்டு ஜூலை 31 அன்று, சிறு வங்கிகளுக்குத் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தைத் தேசியப் பணப்பட்டுவாடா வலையமைப்பிலிருந்து, அதை நடத்தும் என்பிசிஐ தற்காலிகமாகத் துண்டித்தது. நாடு முழுவதும் சுமார் 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் வாடிக்கையாளர்கள் யுபிஐ இல்லாமல் தவித்தார்கள். காரணம், ரான்சம்வேர் தாக்குதல். வேறொரு சேவை நிறுவனத்தில் சரியாக அமைக்கப்படாத ஜென்கின்ஸ் சர்வரிலிருந்து அது தொடங்கியது என்றும், நுழைந்த வழி இந்த ஓட்டைதான் என்றும் இணையப் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்செக்கின் ஆய்வு சொன்னது.

உடனே மேம்படுத்த முடியாதவர்களுக்கு ஜென்கின்ஸ் குழு அப்போது சொன்ன மாற்று வழி, சர்வரின் கமாண்ட் லைன் அணுகலையே மூடுவது. பட்டியல் கோப்பை வைத்து இமேஜ் கட்டுகிறவர்களுக்கு அதனால் வேலை நின்றிருக்காது. 'ஜென்கின்ஸ்-பிளகின்-சிஎல்ஐ' கருவிக்கு ஓடிக்கொண்டிருக்கும் சர்வரே தேவையில்லை.