கொம்பிரசர் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

சைக்கிள், மோட்டார் சைக்கிள், இரு சக்கர உழவு இயந்திரம் ஆகியவற்றைத் திருத்தும் சிறு பட்டறையொன்றை வீட்டோடு வைத்திருந்தால், வயல் வேலை இல்லாத மாதங்களில் அது கைகொடுக்கும். அதற்கு வேண்டியவற்றுள் விலை கூடிய பொருள் கொம்பிரசர். கடன்பட்டு வாங்கும் இயந்திரம் கடன் தீருமுன் பழுதாகிவிடக் கூடாது. எனவே, நீடித்து உழைப்பதை எவ்வாறு இனங்காண்பது என்று பார்ப்போம்.

1. பம்பு

சிலவற்றில் மோட்டாரும் பம்பும் நேராக இணைந்திருக்கும். இவற்றுட் பல நிமிடத்துக்கு ஏறக்குறைய 2,800 சுற்றுச் சுழல்பவை. விலை குறைவு, ஆனால் சத்தமும் சூடும் தேய்மானமும் அதிகம். வேறு சிலவற்றில் பெல்ட் மூலம் பம்பு மெதுவாகச் சுழலும். வார்ப்பிரும்புச் சிலிண்டரும் எண்ணெய் ஊற்றும் வசதியும் உள்ள இவ்வகையே தினசரி வேலைக்கு ஏற்றது. பிஸ்டன் வளையமும் வால்வுத் தட்டும் அருகிலுள்ள பட்டணத்தில் கிடைக்குமா என்றும் விசாரிப்போம்.

2. காற்றின் அளவு

குதிரைவலுவை மட்டும் நம்பக் கூடாது. கடையிலேயே ஓட்டிப் பார்க்கலாம். 50 லீற்றர் தாங்கி வெறுமையிலிருந்து 8 பார் அழுத்தத்துக்கு நிரம்பினால், உள்ளே சென்ற காற்று 50 × 8 = 400 லீற்றர். அதற்கு 4 நிமிடம் எடுத்தால், நிமிடத்துக்கு 100 லீற்றர். சக்கரங்களுக்குக் காற்றடிக்க இது போதும். தொடர்ந்து வர்ணம் விசிறப் போதாது. பின்னர் மோட்டாரை நிறுத்திப் பத்து நிமிடம் காத்திருங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிவு உண்டு.

3. மின்சாரம்

மோட்டார் ஓடத் தொடங்கும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னை இழுக்கும். மெல்லிய நீண்ட வயரில் அழுத்தம் குறைந்து மோட்டார் எரியலாம். ஆகவே வயரை நீட்டாமல் காற்றுக் குழாயை நீட்டுவதே நல்லது.

4. தாங்கி

இதுவே உயிரோடு சம்பந்தப்பட்டது. காற்றிலுள்ள ஈரம் தாங்கியின் அடியில் நீராகத் தேங்கி, உள்ளிருந்தே துருவை உண்டாக்கும். வெளியே பூசிய வர்ணம் அதை மறைத்துவிடும். துருப்பிடித்த தாங்கி வெடித்தால் பக்கத்தில் நிற்பவர் உயிர் தப்புவது அரிது. அடியில் நீர் வடிக்கும் திருகும், மேலே பாதுகாப்பு வால்வும் இல்லாத இயந்திரத்தை வாங்க வேண்டாம். ஒவ்வொரு நாள் மாலையும் நீரை வடித்துவிடுங்கள். பாதுகாப்பு வால்வு ஒழுகினால் மாற்ற வேண்டும், அடைத்துவிடக் கூடாது.

பழையது வாங்குவதாயின், ஒட்டுப்போட்ட தாங்கியை விலக்குங்கள். மற்றவற்றை வேலை அழுத்தத்தின் ஒன்றரை மடங்கில், நீர் நிரப்பிச் சோதிப்பித்த பின்பே பணம் கொடுங்கள். நீர் காற்றைப்போல் அமுங்காது. ஆகையால் சோதனையில் தாங்கி பிளந்தாலும் வெடித்துச் சிதறாது.

கலந்துரையாட:

அ. நமது ஊரில் இவ்வியந்திரத்துக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வேலை கிடைக்கும்?

ஆ. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து நல்லதொன்றை வாங்கினால், நீர் வடிப்பதும் எண்ணெய் பார்ப்பதும் யார் பொறுப்பு?