டிரெய்லர் அச்சு மாற்றப் போகும் தம்பிக்கு

திரேஸ்புரம் கரையில் ஐஸும் மீனும் என்ஜினும் இழுக்கிற டிரெய்லரானாலும், வடக்கே தருவைகுளம் பக்கம் உப்பு ஏற்றுகிற டிரெய்லரானாலும், அச்சைத் தின்பது பாரத்தைவிட உப்புத் தண்ணீர்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கு.

1. ஸ்பானரை எடுக்கும் முன் டயரைப் பார். ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சு வளைந்திருக்கலாம், அல்லது கோணலாக உட்கார்ந்திருக்கலாம். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டு. நட்டை இறுக்கிய பிறகும் ஆட்டம் நிற்கவில்லை என்றால் ஹப்பைக் கழற்று. பேரிங் கோன் உட்காரும் இடம் தேய்ந்தோ சூட்டில் நீலம் பாய்ந்தோ இருந்தால் அந்த அச்சு போய்விட்டது.

2. மணலில் ஜாக்கி போடாதே. சிமென்ட் தரைக்குக் கொண்டுவா. டிராக்டரைக் கழற்றிவிடாதே, ஒற்றை அச்சு டிரெய்லர் மூக்குக் குத்திவிடும். டிராக்டரைக் கியரில் போட்டு, அதன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடு. சேஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வைக்காமல் ஒருவரும் உள்ளே நுழையக் கூடாது, முதலாளியே அவசரப்படுத்தினாலும்.

3. துருப்பிடித்த யூ போல்ட்டோடு மல்லுக்கட்டாதே, அறுத்துவிடு. ஏற்கெனவே இறுக்கி நீண்ட போல்ட் மறுபடி பிடிக்காது. புதிய அச்சுக்குப் புதிய யூ போல்ட்.

4. பழைய அச்சை எடைக்குப் போடும் முன் அளவெடு: ஒரு ஸ்பிரிங் பட்டையின் நடுவிலிருந்து மறு பட்டையின் நடு வரை, ஹப் முகத்திலிருந்து ஹப் முகம் வரை, இரண்டு பேரிங் உட்காரும் இடங்களின் விட்டம். பேரிங்கில் பொறித்த எண்ணையும் குறித்துக்கொள். சில அச்சுகள் நடுவில் லேசாக மேல்நோக்கி வளைந்திருக்கும். தலைகீழாகப் பூட்டினால் டயரின் உள்ஓரம் சீக்கிரமே போய்விடும்.

5. தேய்ந்த முனையில் வெல்டிங் ஏற்றி, லேத்தில் கடைந்து தருகிறேன் என்று ஒருவர் வருவார். விலை பாதிகூட ஆகாது. கடைசல் பார்வைக்கு அழகாகவும் இருக்கும். ஆனால் அச்சுமுனை தடித்த உடலோடு சேருகிற தோள்தான் அதிகம் அழுத்தம் வாங்கும் இடம். வெல்டிங் சூடு பட்டால் அங்கேதான் விரிசல் பிறக்கும். வெளியே தெரியாது. ஒருநாள் பாரத்தோடு சக்கரம் தனியே உருண்டு போகும். மாட்டுவண்டி வேகத்தில் வயலுக்குள் ஓடுகிற டிரெய்லருக்கு வேண்டுமானால் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஏறுகிற வண்டிக்கு நான் செய்யவும் மாட்டேன், செய்யவிடவும் மாட்டேன்.

6. ஓடிவந்த வண்டியின் ஹப் சூடாக இருக்கும்போதே கடலில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, ஆயில் சீல் வழியாக உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கிரீஸ் பால் நிறமாகிவிட்டதா என்று பார், அதுதான் அடையாளம். இறக்குவதற்கு முன் ஆறவிடச் சொல், வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவச் சொல். வண்டிக்காரர் கேட்க மாட்டார், இருந்தாலும் சொல். சீலையும் பேரிங்கையும் சேர்த்தே மாற்று. தண்ணீர் தாங்கும் கிரீஸ் வை, பழையதை முழுக்கக் கழுவிய பிறகு.

7. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கு, பிறகு தளர்த்து, பிறகு கையால் மட்டும் இறுக்கு. காட்டர் பின் துளை நேராக வரவில்லையா? தளர்த்தும் பக்கமாகத் திருப்பு. பின் புதிதாக இருக்கட்டும்.

8. இழுவை வளையத்திலிருந்து அச்சின் இரு முனைக்கும் டேப் பிடி. 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் யூ போல்ட்டைத் தளர்த்தி மறுபடி உட்காரவை.

9. முதல் ஓட்டம் காலியாக. தருவைகுளம் வரை போய் நிறுத்தி, புறங்கையை ஹப்பின் அருகே கொண்டுபோ. வெதுவெதுப்பு சரி. வைக்க முடியாத சூடு என்றால் வந்து திறந்து பார். 50 கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டையும் யூ போல்ட்டையும் மறுபடி இறுக்கு. அது வரை வண்டியை உப்பு ஏற்ற அனுப்பாதே.