ஒரு ரைடர் எத்தனை ரூபா பெறுவார்?

இந்த மார்கழி லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். ஊர் குச்சனூர். தேனிப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சுயம்பு சனீஸ்வரர் கோயில் இருக்கிற ஊர். சனி விலகணும்னு எங்கெங்கேயோ இருந்து எங்க ஊருக்கு வருவாங்க. எனக்கு மட்டும் போன ரெண்டாவது நாளே ஒரு கேள்வி வந்து பிடிச்சுக்கிச்சு.

பொங்கலுக்குப் பக்கத்து ஊர்ல கபடி டோர்னமென்ட். முதல் பரிசு 30,000. எங்க ஊர் டீமுக்கு வசூல் ஆனது 14,000. வெளியூர் ரைடர் ஒருத்தர் கெஸ்ட் பிளேயரா வந்து ஆடுறதுக்கு 8,000 கேட்டார். டீமைப் பாத்துக்கிற மாமா என்னைக் கூப்பிட்டு, "நீதான் இன்ஜினியரிங் படிக்கிறியே மாப்ள, அந்த ஆளு எட்டாயிரம் பெறுவானா மாட்டானான்னு கணக்குப் போட்டுச் சொல்லு" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். ஆனா கெஸ்ட் வந்தா வெளிய உட்காரப் போறது எங்க சித்தப்பா பையன். ஐடிஐ படிக்கிறான், வருஷம் பூரா சாயங்காலம் கிரவுண்டுல கிடக்கிறவன். அதனால கேலியை நான் சீரியஸா எடுத்துக்கிட்டேன்.

முதல்ல எல்லாரும் பண்ற தப்பை நானும் பண்ணினேன். அந்த ரைடர் ஒரு மேட்ச்சுக்குச் சராசரியா எத்தனை பாயின்ட் எடுப்பார்னு விசாரிச்சேன். பத்துன்னு சொன்னாங்க. அப்ப அவர் வந்தா நமக்குப் பத்து பாயின்ட் லாபம்? இல்லை.

கபடியில ஒரு ரைடுக்கு 30 வினாடி. புரோ கபடி மாதிரி 20 நிமிஷம் ரெண்டு பாதின்னா மொத்தம் 40 நிமிஷம், அதாவது சுமார் 80 ரைடு. ரெண்டு டீமும் மாத்தி மாத்திப் பாடிப் போறதால ஒரு டீமுக்குக் கிடைக்கிறது 40. (எங்க பக்கம் நேரத்தைக் குறைச்சு ஆடுவாங்க, கணக்கோட வடிவம் அதேதான்.) இந்த 40-ஐ யாராலும் கூட்ட முடியாது. ஸ்டார் ரைடர் வந்தா அதுல 20 ரைடை அவர் எடுத்துக்குவார், அவ்வளவுதான். அவர் வரலைன்னா அந்த 20 ரைடு காத்துல போயிடாது. வேற ஒருத்தன் அதைப் போவான், அவனும் ஏதாச்சும் எடுப்பான்.

ஒரு உதாரணம் வச்சுக்குவோம். ஸ்டார் 20 ரைடுல 10 பாயின்ட் எடுக்கிறார், 5 தடவை மாட்டிக்கிறார். மாட்டின ஒவ்வொரு தடவையும் எதிராளிக்கு ஒரு பாயின்ட். ஆக நிகரம் 5. நம்ம தம்பி அதே 20 ரைடுல 7 எடுத்து 6 தடவை மாட்டுறான்னு வைங்க, நிகரம் 1. ரெண்டுக்கும் வித்தியாசம் 4. மாமா 8,000 கொடுத்து வாங்கப் போறது பத்து பாயின்ட்டை இல்லை, இந்த நாலை.

பேஸ்பால் கணக்குப் பிள்ளைகள் இதை ரொம்ப வருஷமா பண்றாங்க. ஒரு ஆட்டக்காரரை, எளிதா கிடைக்கிற ஒரு சாதாரண மாற்று ஆளோட ஒப்பிட்டு, கூடுதலா எத்தனை வெற்றி கொண்டு வந்தார்னு பார்ப்பாங்க. கபடிக்கு அப்படி ஒரு பெயர் பெற்ற அளவுகோல் இருக்கிறதா நான் பார்த்ததில்லை. டிவியில காட்டுறதெல்லாம் மொத்த ரைடு பாயின்ட்தான்.

பவன் ஷெராவத்தை வச்சு ஒரு சோதனை

நிஜமா ஒரு ஸ்டார் எவ்வளவு பெறுவார்னு தெரியணும்னா, அதே டீமை அவரோட ஒரு தடவை, அவர் இல்லாம ஒரு தடவை ஆட விடணும். லேப்ல பண்ணலாம், களத்துல முடியாது. ஆனா 2022-ல தமிழ் தலைவாஸுக்கு விதி கிட்டத்தட்ட அதைப் பண்ணிக் காட்டுச்சு.

புரோ கபடி 9வது சீசன் ஏலத்துல தலைவாஸ் பவன் ஷெராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தாங்க. அதுவரைக்கும் லீக்ல யாருக்கும் கொடுக்காத விலை. ஒரு டீம் மொத்தமா செலவழிக்கக்கூடிய தொகையே 4.4 கோடிதான், அதுல பாதிக்கு மேல ஒரே ஆளுக்கு. அக்டோபர் 8, குஜராத் ஜெயன்ட்ஸோட முதல் மேட்ச். முதல் பாதியிலேயே, அதுவும் ரைடு போறப்ப இல்லை, எதிராளியைப் பிடிக்கப் போனப்ப, பவனுக்கு முழங்கால் போச்சு. சீசன் பூரா அவர் திரும்பல.

நான் அன்னைக்கு டிவி முன்னாடி உட்கார்ந்து, முடிஞ்சுச்சுடா இந்த வருஷமும்னு நினைச்சேன். 2017-ல லீக்ல சேர்ந்ததுலேர்ந்து ஒரு தடவைகூட பிளேஆஃப் போகாத டீம் இது. ஆரம்ப மேட்ச்களும் மோசமாத்தான் போச்சு. ஆனா அந்த டீம்தான் லீக் சுற்றுல 5வது இடம் பிடிச்சு, முதல் முறையா பிளேஆஃப் போனது. எலிமினேட்டர்ல யூபி யோத்தாஸோட 36-36 டை ஆகி, டைபிரேக்கர்ல ஜெயிச்சு, செமி ஃபைனல்ல புனேரி பல்தானிடம் 39-37-னு ரெண்டே பாயின்ட்ல தோத்தாங்க.

பவன் போக வேண்டிய ரைடுகளைப் போனது நரேந்தர்னு ஒரு புதுப் பையன். அவருக்கு அது முதல் சீசன். 243 ரைடு பாயின்ட் எடுத்தார்! அதாவது ஏலத்துல யாரும் எண்ணிப் பார்க்காத "மாற்று ஆள்" ஸ்டாருக்குச் சமமா ஆடிட்டார். பவன் ஆடியிருந்தா நரேந்தருக்கு எத்தனை ரைடு கிடைச்சிருக்கும்?

இதை வச்சு "ஸ்டாரே தேவையில்லை"ன்னு கிளம்பிடக் கூடாது. அந்த சீசன் நடுவுல கோச்சும் மாறினார், அஷன் குமார் வந்தார். சாகர், சாஹில் குலியா, அபிஷேக், மோஹித்னு பிடிக்கிற கூட்டமும் நல்லா செட் ஆகியிருந்துச்சு. ரெண்டு மூணு விஷயம் ஒண்ணா மாறினா எது காரணம்னு பிரிக்க முடியாதுன்னு நமக்கு முதல் செமஸ்டர் லேப்லயே சொல்லிக் கொடுத்திருக்காங்க.

அதனால அடுத்த சீசனையும் பார்க்கணும். 10வது சீசன்ல டீம் செலவு வரம்பு 5 கோடி ஆச்சு. பவனைத் தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தாங்க, மறுபடியும் பாதிக்கு மேல. இந்தத் தடவை அவர் உடம்பு நல்லா இருந்துச்சு, 200-க்கு மேல ரைடு பாயின்ட் எடுத்தார். டைட்டன்ஸ் 22 மேட்ச்ல ஜெயிச்சது 2. கடைசி இடம்.

இது எனக்கு முதல்ல புரியல. நல்லா ஆடின ஸ்டார், கடைசி இடத்து டீம், எப்படி? களத்துல நடக்கிறதை நினைச்சுப் பார்த்தாத்தான் பிடிபடும். கபடியில அவுட் ஆனவர் வெளிய உட்காரணும். கூட ஆடுற யாராவது எதிராளியை அவுட் பண்ணினாத்தான் அவர் திரும்ப முடியும். ரெண்டாவது ரைடரும் கேட்ச்சர்களும் பலவீனமா இருந்தா, ஸ்டாரை ஒரு தடவை பிடிச்சாப் போதும், அவர் பெஞ்சுலயே கிடப்பார். அந்த நேரத்துல இருக்கிறவங்க ஒவ்வொருத்தரா விழுந்து லோனா ஆகி, எதிராளிக்குக் கூடுதலா ரெண்டு பாயின்ட் போகும். ஆக ஸ்டாரோட மதிப்புங்கிறது அவர் காலுல மட்டும் இல்லை, அவரை உள்ள திரும்பக் கூட்டிட்டு வர்ற ஆறு பேர்கிட்டயும் இருக்கு. பாதிப் பணத்தை ஒருத்தருக்கே கொடுத்துட்டா அந்த ஆறு பேரை எதை வச்சு வாங்குறது?

பர்தீப் நர்வால் கதையும் இப்படித்தான். 7வது சீசன்ல 300-க்கு மேல ரைடு பாயின்ட் எடுத்தார், பாட்னா பைரேட்ஸ் பிளேஆஃப் போகல. 8வது சீசனுக்கு அவர் 1.65 கோடிக்கு யூபி யோத்தா போனார். அவர் இல்லாத பாட்னா, ரைடை நாலஞ்சு பேருக்குப் பிரிச்சுக் கொடுத்து, டிஃபென்ஸைக் கெட்டி பண்ணி, ஃபைனல் வரைக்கும் வந்து டெல்லியிடம் ஒரே ஒரு பாயின்ட்ல தோத்துச்சு.

மறுபக்கமும் சொல்லணும், இல்லைன்னா நான் சித்தப்பா பையனுக்காக வக்காலத்து வாங்குற மாதிரி ஆயிடும். அதே பர்தீப் 5வது சீசன்ல 369 ரைடு பாயின்ட் எடுத்தப்ப பாட்னா கோப்பையே அடிச்சது. 6வது சீசன் ஃபைனல்ல பவன் தனியா 22 பாயின்ட் எடுத்து பெங்களூரு புல்ஸுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். லீக்ல 22 மேட்ச் ஆடுறப்ப எல்லாம் சராசரிக்கு வந்துடும். தோத்தா வீட்டுக்குன்னு இருக்கிற ஒரு மேட்ச்ல, அன்னைக்கு ஒருத்தருக்கு மூட் வந்துட்டா, எந்தக் கணக்கும் நிக்காது. எங்க ஊர் டோர்னமென்ட் நாக்-அவுட். மாமா பக்கம் ஒரு நியாயம் இருக்கு.

பிடிக்கிற ஆளுக்கு எப்படி விலை போடுறது?

ரைடருக்காவது எண்ண ஒரு எண் இருக்கு. கார்னர்ல நிக்கிற கேட்ச்சர் விஷயம் இன்னும் சிக்கல்.

அமெரிக்கன் ஃபுட்பால்ல இதே தலைவலி பல வருஷமா ஓடுது. அங்க பந்தை வீசுற குவார்ட்டர்பேக்கைத் துரத்திப் போய் அமுக்குற ஆளுக்குப் பேரு பாஸ் ரஷர். வீசுறதுக்கு முன்னாடி அமுக்கிட்டா அது சாக். ஒரு சீசன்ல ஒருத்தர் 20 சாக் எடுத்தாலே அபூர்வம், ஆனா ஒரு டீம் ஒரு சீசன்ல 500 தடவைக்கு மேல பந்தை வீசும். சாக் மட்டும் எண்ணினா இவர் வருஷத்துக்கு இருபது தடவை மட்டும் வேலை செய்ற மாதிரி இருக்கும். நிஜத்துல மிச்ச நேரத்துலதான் பாதி மதிப்பு. அவர் வர்றாருன்னு பயந்து அவசரமா வீசுறது, அவரைத் தடுக்க ரெண்டு பேரை ஒதுக்குறது, அதனால பக்கத்துல இருக்கிற இன்னொருத்தருக்கு வழி கிடைக்கிறது. சாக் கணக்குல அவர் பேர்ல இது எதுவும் ஏறாது.

2025 ஆகஸ்ட்ல மைக்கா பார்சன்ஸ்ங்கிற பாஸ் ரஷரை டல்லாஸ் கவ்பாய்ஸ்கிட்டேர்ந்து கிரீன் பே பேக்கர்ஸ் வாங்கினாங்க. ரெண்டு முதல் சுற்றுத் தேர்வு உரிமையும் ஒரு நல்ல ஆட்டக்காரரும் விலை, மேல அவருக்கு 4 வருஷத்துக்கு 18.8 கோடி டாலர். வருஷத்துக்கு 4.7 கோடி டாலர். அவங்க டீம் செலவு வரம்பு அந்த வருஷம் சுமார் 28 கோடி டாலர், அதுல ஆறுல ஒரு பங்கு. பெரிய பணம்தான், ஆனாலும் விகிதத்துல பார்த்தா நம்ம பவனுக்குக் கொடுத்ததுல மூணுல ஒண்ணுதான். (டிசம்பர்ல பார்சன்ஸுக்கும் முழங்கால் போச்சு. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் அந்த ஒரு மூட்டுக்குக் கணக்குல இடம் விடணும்.)

கபடிக்கு வாங்க. இடது கார்னர்ல பாசல் அட்ராச்சலி நிக்கிறார்னு வைங்க, ஏலத்துல முதல் முதலா ஒரு கோடி தொட்டவர். பாடி வர்றவன் அவர் பக்கம் போகவே யோசிப்பான். அந்தப் பக்கம் போகாம 30 வினாடியை ஓட்டிட்டுத் திரும்பினா அது வெறும் ரைடு. தொடர்ந்து ரெண்டு வெறும் ரைடு போனா மூணாவது டூ-ஆர்-டை, பாயின்ட் எடுத்தே ஆகணும், இல்லைன்னா அவுட். அந்த மூணாவது ரைடுல வேற யாரோ பிடிப்பாங்க, டேக்கிள் பாயின்ட் அவங்க பேர்ல ஏறும். முதல் ரெண்டு ரைடையும் வெறுமையாக்கினது கார்னர்ல சும்மா நின்னவர்.

முகமதுரேசா ஷாட்லுவை 10வது சீசன்ல புனேரி பல்தான் 2.35 கோடிக்கு எடுத்தாங்க. 99 டேக்கிள் பாயின்ட், கூடவே கோப்பை. அடுத்த வருஷம் ஹரியானா ஸ்டீலர்ஸ் 2.07 கோடிக்கு எடுத்தாங்க, அவங்களும் கோப்பை. ரெண்டு டீம்லயும் கூட நின்னவங்க பலமானவங்க, எல்லாப் பெருமையும் அவருக்கே இல்லை. ஆனா ஏலத்துல அதிகமா ரைடருக்குத்தான் கை தூக்குறாங்கன்னா, நல்ல கார்னர் அவரோட நிஜ மதிப்பை விட மலிவா கிடைக்க வாய்ப்பு இருக்குன்னு எனக்குத் தோணுது.

இதை மாமாகிட்ட எப்படிச் சொல்றது? நான் பண்ணினது ஒரு சின்ன வேலை. நாலு நாள் பிராக்டிஸ் மேட்ச்ல நோட்டும் பேனாவுமா உட்கார்ந்தேன். யாரு பாயின்ட் எடுத்தாங்கன்னு எழுதல. பாடி வர்ற எதிராளி எந்தப் பக்கம் போறான், எந்தப் பக்கம் போகாம திரும்புறான்னு மட்டும் கோடு போட்டேன். முதல் நாளே தெரிஞ்சு போச்சு, வர்றவன் எல்லாம் நேரா எங்க வலது கார்னருக்குத்தான் போறான். அங்கதான் ஓட்டை. எங்க ரைடருங்க மோசமில்லை, அவுட் ஆகிப் போய் உட்கார்ந்தா திரும்பக் கூப்பிட ஆள் இல்லை, அதான் பிரச்சினை. டைட்டன்ஸ் வியாதி.

நோட்டைக் காட்டினேன். மாமா ரொம்ப நேரம் பார்த்தார். "எட்டாயிரத்துக்கு ரைடர் வேணாம், மூவாயிரத்துக்கு ஒரு ரைட் கார்னர் பார்ப்போம். மிச்சத்துக்கு முட்டிக்குப் போடுற நீ-கேப் எல்லாருக்கும் வாங்கு" என்றார். இன்னொண்ணும் சொன்னார், அது என் கணக்குல இல்லாதது. "ராத்திரி பூரா நாலு மேட்ச் ஆடணும்டா. விடியக்காலம் மூணு மணிக்கு எவன் கால் நிக்குதோ அவன்தான் ஸ்டாரு."

கார்னர் கிடைச்சார், நல்ல ஆள். அவருக்காக வெளிய உட்கார்ந்த எங்க ஊர்ப் பையன் ரெண்டு நாள் என்கிட்டப் பேசல. சித்தப்பா பையனைக் காப்பாத்தப் போய் இன்னொருத்தனை உட்கார வச்சுட்டேன்னு எனக்கு அப்பதான் உறைச்சுச்சு. போய் மன்னிப்புக் கேட்டேன், "கணக்குல என் பேர் எங்கண்ணே இருந்துச்சு"ன்னு கேட்டான். கார்னர்ல அவன் பிடிக்காம விட்டதுக்கெல்லாம் நோட்டுல கோடு இருந்துச்சு, அவன் பேர் இல்லை.

டோர்னமென்ட்ல கால் இறுதியில ரெண்டு பாயின்ட்ல தோத்தோம். தம்பி நல்லாத்தான் ஆடினான், கடைசி டூ-ஆர்-டை ரைடுல மாட்டிக்கிட்டான். வண்டியில திரும்பி வர்றப்ப மாமா ஒண்ணும் சொல்லல. சின்னமனூர் தாண்டினதும்தான் வாயைத் திறந்தார்.

"அந்த எட்டாயிரத்தைக் கொடுத்திருந்தா அந்த ஒரு ரைடை எடுத்திருப்பான்ல மாப்ள?"

ஒரு ரைடை வச்சு எதையும் சொல்ல முடியாது மாமான்னு ஆரம்பிச்சேன். அவர் அதுக்குள்ள தூங்கிட்டார்.