அடுத்த வாய்தா

அன்புள்ள பாப்பாவுக்கு,

விவாகரத்து டிக்ரி கைக்கு வந்துவிட்டது என்று உன் அம்மா போன் செய்தாள். அதே மூச்சில், "நல்ல வரன் ஒண்ணு வந்திருக்கு அக்கா, நீங்க சொன்னா கேப்பா" என்றாள். வரன் விஷயத்தில் என் நினைப்பு அவளுக்குப் பிடிக்காது. அதனால் உனக்கே நேராக எழுதுகிறேன்.

குடும்ப நீதிமன்றத்தில் நான் பெஞ்ச் கிளார்க்காக இருந்தபோது ஒரு பெண். ஐந்து வருஷம் இழுத்த வழக்கு. தீர்ப்பான அடுத்த மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பையும் டிபன் பாக்ஸுமாக என் மேஜைக்கு எதிரே வந்து நின்றாள். "அடுத்த வாய்தா என்னைக்குங்கம்மா?" "உன் கேஸ் முடிஞ்சிருச்சேம்மா" என்றேன். "தெரியும்" என்று சொல்லிவிட்டு, எப்போதும் உட்காரும் பெஞ்சில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தாள். நான் எழுப்பவில்லை. கேஸ் கட்டு ரெக்கார்டு ரூமுக்குப் போனால் கோர்ட்டுக்கு வழக்கு முடிந்தது. அவளுக்கு முடியவில்லை.

1955-ல் இந்து திருமணச் சட்டம் வந்தபோது, விவாகரத்துத் தீர்ப்பாகி ஒரு வருஷம் கழிந்தால்தான் மறுமணம் என்று 15-ஆம் பிரிவில் இருந்தது. 1976-ல் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்தது நியாயம்தான், யார் எப்போது கல்யாணம் செய்வது என்று சர்க்கார் ஏன் சொல்ல வேண்டும்? ஆனால் அந்த ஒரு வருஷத்தை நீயே எடுத்துக்கொள். மியூச்சுவல் கன்சென்ட் மனு போட்டுக் காத்திருந்த ஆறு மாதம் போதாதா என்பாய். அது பிரியத்தான் வேண்டுமா என்று யோசிக்கக் கொடுத்த தவணை. பிரிந்தபின் நீ எப்படி இருக்கிறாய் என்று பார்க்க அல்ல.

முதலில் தூங்கு. பிறகு ஒரு நோட்டு வாங்கு. மியூச்சுவல் மனுவில் யார் தப்பும் இருக்காது. ஒரு வருஷமாகப் பிரிந்திருக்கிறோம், சேர்ந்து வாழ முடியவில்லை, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கில் படித்திருக்கிறேன், எல்லாம் ஒரே அச்சு. அந்த 'முடியவில்லை'க்குள் என்னென்ன இருந்தது என்று உனக்கு மட்டும் எழுது. எங்கே வாயை மூடிக்கொண்டாய், யாருக்குப் பயந்து மூடினாய் என்று. நீ சுடுசொல் சொன்ன இடத்தையும் விடாதே. ஒரே நாளில் எழுதி முடிக்க அது பரீட்சை இல்லை.

தாலியை உருக்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம், லாக்கரில் கிடக்கட்டும். ஆனால் பேங்க், பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாவற்றிலும் நாமினி பெயரை இந்த மாதமே மாற்று. அதற்கு மனசு ஆற வேண்டியதில்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் இல்லாமல் சோறும் இறங்காமல் போனால் டாக்டரைப் பார். நடுராத்திரியில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டும் போலிருந்தால் 14416, டெலி மானஸ். அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலேயே பேசலாம். எனக்கும் அடிக்கலாம்; ஆனால் பத்து மணிக்கு மேல் மாத்திரை போட்டுத் தூங்கிவிடுவேன், எடுக்கவில்லை என்று கோபிக்காதே.

ஜாதகத்தைத் தை பிறந்தபின் எடுக்கலாம் என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எந்த வருஷத்துத் தை என்று அவள் கேட்கவில்லை.

அன்புடன்,
பெரியம்மா