வாய் திறவாத கடையும் வாங்குவோர் உரிமையும்

முன்னுரை

பண்டமாற்றுக் காலம் முதல் இன்று வரை வாணிகம் எத்தனையோ மாற்றங்களைக் கண்டுள்ளது. ஆயினும் அதன் அடிப்படை ஒன்றுதான். வாங்குபவர் பணம் கொடுக்கிறார். விற்பவர் அதற்கு ஏற்ற பொருளைக் கொடுக்கிறார். நம் ஊர்க் கடைத்தெருவில் வாங்கிய குடம் ஒழுகினால், மறுநாள் காலையில் அந்தக் குடத்தோடு கடை வாசலில் போய் நிற்கலாம். நாலு பேர் முன்னிலையில், "இதைப் பாருங்க அண்ணாச்சி" என்று காட்டினால் அவர் வேறு குடம் எடுத்துக் கொடுத்துவிடுவார். அவர் முகம் நமக்குத் தெரியும். நம் முகம் அவருக்குத் தெரியும்.

கைப்பேசியில் பார்த்து ஆர்டர் செய்து, கூரியரில் வந்து இறங்கும் பொருளுக்கு இந்த வசதி இல்லை. கடை எந்த ஊரில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. பொருள் பழுதாக இருந்து பணத்தைத் திருப்பிக் கேட்டால், சில கடைகள் மறுப்பதுகூட இல்லை, பேசாமல் இருந்துவிடுகின்றன. கேட்டுக் கேட்டுச் சலித்து நாமே விட்டுவிடுவோம் என்பது அவற்றின் கணக்கு. அப்படியானால் நாம் கொடுத்த பணம் போனது போனதுதானா? இல்லை. அன்று கடை வாசலில் நம் முகம் செய்த வேலையை இன்று எழுத்தும் தேதியும் செய்கின்றன. அது எவ்வாறு என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

சட்டம் வந்த வரலாறு

1962ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜான் கென்னடி, தம் நாட்டுக் காங்கிரசுக்கு அனுப்பிய செய்தியில் நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டு என்று கூறினார். பாதுகாப்புப் பெறும் உரிமை, உண்மையை அறியும் உரிமை, தேர்ந்தெடுக்கும் உரிமை, தம் குறையைச் சொல்லிக் கேட்கப்படும் உரிமை என்பனவே அவை. மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுவது இதனால்தான்.

நம் நாட்டில் 1986 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அந்த நாளே நம் தேசிய நுகர்வோர் நாள். பின்னர் அச்சட்டத்திற்கு மாற்றாக 2019ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கடையில் நேரில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் வாங்குபவர் நுகர்வோரே என்று இது தெளிவாகக் கூறுகிறது. அதே மாதத்தில் மின்னணு வணிகத்திற்கென்று தனி விதிகளும் வந்தன.

கடையின் கடமைகள்

2020ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆன்லைன் கடை ஒவ்வொன்றும் தன் சட்டப்பூர்வமான பெயரையும், தலைமை அலுவலக முகவரியையும், தொடர்பு கொள்ளும் வழிகளையும் வெளிப்படையாகக் காட்ட வேண்டும். குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும்.

அந்த அலுவலர் நம் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்திற்குள் குறையைத் தீர்க்க வேண்டும். பொருள் பழுதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் கூறியதற்கு மாறாகவோ இருந்தால், அதைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது.

சில ரசீதுகளின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சிட்டிருப்பதைக் காண்கிறோம். பழுதான பொருளுக்கு இது செல்லாது. ரசீதில் குறித்த காலத்திற்குள், காலம் எதுவும் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக முறை என்றே 2019ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 48 மணி நேரம், ஒரு மாதம் என்ற கெடுக்கள் கடையின் மௌனத்திற்கு விதிக்கப்பட்ட கெடுக்கள். கெடு தாண்டியும் கடை பேசவில்லை என்றால், அந்த மௌனமே அதற்கு எதிரான சாட்சி ஆகிவிடுகிறது. ஆனால் கெடுவை எண்ணத் தொடக்க நாள் வேண்டும். தொலைபேசியில் எத்தனை முறை பேசினாலும் அந்த நாள் எங்கும் பதிவாவதில்லை. எழுத்தில் அனுப்பிய புகாரே தொடக்க நாள்.

ஓர் எடுத்துக்காட்டு

என் சித்தி வீட்டிலேயே தையல் வேலை செய்து தம் இரு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் வேலைக்கென்று மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் ஒன்றை ஆன்லைன் கடை ஒன்றில் ரூ. 8,600க்கு வாங்கினார். அது சீட்டுப் பணம். நவம்பர் 3 அன்று பெட்டி வந்தது. மறுநாள் தைக்கத் தொடங்கியபோது, பத்து நிமிடத்தில் மோட்டார் கொதித்து நின்றுவிட்டது. ஆறவிட்டுப் போட்டால் மறுபடியும் அதே கதை.

சித்தி அன்றே கடைக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 48 மணி நேரம் சென்றது, பதில் இல்லை. தொலைபேசியில் பாட்டு மட்டும் கேட்டது. நவம்பர் 7 அன்று தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915க்குப் பேசினார். தமிழிலேயே கேட்டு எழுதிக்கொண்டு, புகார் எண் கொடுத்தார்கள். கடை அவர்களுக்கும் பதில் தரவில்லை. "ஆயிரத்தெட்டு வேலை இருக்கிறது, போனதை விடு" என்று வீட்டில் சொன்னார்கள். சித்தி விடவில்லை. மாதக் கெடு முடிந்த மறுநாள், டிசம்பர் 5 அன்று, கடையின் தலைமை அலுவலக முகவரிக்கு அறிவிப்புக் கடிதம் அனுப்பினார். அதை என் கையெழுத்தில் எழுதினேன், சித்தி கையொப்பமிட்டார். அக்கடிதம் தோழியருக்குப் பயன்படும் என்பதால் இங்கே தருகிறேன்.

"பெறுநர்: குறைதீர் அலுவலர் அவர்கள்.

ஐயா,

தங்கள் கடையில் மேற்கண்ட ஆர்டர் எண்ணின்படி ரூ. 8,600 செலுத்தி வாங்கிய தையல் இயந்திரம் நவம்பர் 3 அன்று எனக்கு வந்து சேர்ந்தது. நவம்பர் 4 அன்று இயக்கியபோது மோட்டார் பத்து நிமிடத்தில் சூடேறி நின்றது. அன்றே தங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். 48 மணி நேரத்திற்குள் ஒப்புகை வரவில்லை. ஒரு மாதத்திற்குள் குறையும் தீர்க்கப்படவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் இயந்திரத்தைத் தங்கள் செலவில் எடுத்துக்கொண்டு, முழுத் தொகையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இணைப்பு: ரசீது, மின்னஞ்சல், புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்கள்."

கடிதத்தில் கோபச் சொல் ஒன்றும் இல்லை. தேதி இருக்கிறது, தொகை இருக்கிறது, கேட்பது என்ன என்பதும், எத்தனை நாளில் என்பதும் இருக்கின்றன. விரைவு அஞ்சலில் அனுப்பி, சேர்ப்பித்ததற்கான சான்றையும் வாங்கி வைத்தோம்.

டிசம்பர் 16 அன்று கடை முதன்முறையாக வாய் திறந்தது. "நீங்கள் தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் ஆகமாட்டீர்கள்" என்று எழுதியது. சட்டத்தை எடுத்துப் படித்தோம். மறுவிற்பனைக்கும் வணிக நோக்கத்திற்கும் வாங்குபவர் நுகர்வோர் அல்லர் என்பது உண்மையே. ஆனால் சுயதொழில் செய்து தம் பிழைப்புக்கு மட்டுமே பொருளை வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோரே என்று அதன் விளக்கத்தில் கூறப்பட்டுள்ளது. மறுநாளே அவ்வாறு பதில் அனுப்பினோம். டிசம்பர் 29 அன்று ரூ. 8,600 வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது.

அதற்குள் கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டது. பதினோரு பேருடைய துணிகளைச் சித்தி தைக்காமலே திருப்பிக் கொடுத்திருந்தார். "அனைத்துக் கோரிக்கையும் தீர்ந்தது" என்று எழுதித் தருமாறு கடை கேட்டது. "பொருளின் விலையை மட்டும் பெற்றுக்கொண்டேன்" என்று சித்தி எழுதிக் கொடுத்தார். இழப்பீடு கேட்கும் கதவை அவர் மூடவில்லை.

ஆணையத்தில் முறையிடுதல்

1915 சமரசத்திற்கு வழிசெய்யும் உதவி எண் மட்டுமே. கடைக்கு ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திற்கு உண்டு. அதைப் பற்றி நாம் அறிய வேண்டியவை:

1. கொடுத்த விலை ரூ. 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் முறையிடலாம். ரூ. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை.

2. கடை டில்லியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். 2019ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரும் வசதி இது.

3. வழக்கறிஞர் கட்டாயம் இல்லை. 2025 ஜனவரி 1 முதல் செயல்படும் இ-ஜாக்ரிதி தளம் வழியாக வீட்டிலிருந்தே மனு அனுப்பலாம்.

4. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும்.

5. பழுதை நீக்கவும், வேறு பொருள் தரவும், விலையைத் திருப்பித் தரவும், கடையின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்புக்கு ஈடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம். உத்தரவை மீறினால் சிறைத் தண்டனையோ, ரூ. 25,000க்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

6. பரிசோதனை தேவைப்படாத வழக்கை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்புக் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதற்கு மேலும் ஆவதுண்டு. எனவே பொறுமையும் வேண்டும்.

நம்மைப் போன்ற பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கும் சட்டத்தில் இடம் உண்டு. வாங்கியவர் சிறுவயதினராக இருந்தால், பெற்றோரோ சட்டப்படியான காப்பாளரோ அவருக்காக முறையிடலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

வெள்ளம் வருமுன் அணை போடுவதே அறிவுடைமை. கடையின் முகவரியும் குறைதீர் அலுவலர் பெயரும் எங்கும் காணப்படவில்லை என்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அங்கே வாங்காமல் இருப்பதே நல்லது. பலர் கூடி விற்கும் பெரிய தளமானால், தளம் வேறு, விற்பனையாளர் வேறு. ரசீதில் யார் பெயர் உள்ளது என்று பார்த்து, புகாரை இருவருக்கும் அனுப்ப வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும்போதே கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொள்ளலாம். பொருளின் விளம்பரப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கலாம். விளம்பரம் நாளை மாறிவிடக்கூடும். ரசீது, பணம் செலுத்திய விவரம், உத்தரவாத அட்டை ஆகியவற்றை ஒரே கோப்பில் சேர்க்க வேண்டும். கார்டில் பணம் செலுத்தியவர்கள், தாமதிக்காமல் தம் வங்கியிலும் எழுத்துமூலம் முறையிடலாம். அதற்கும் காலவரையறை உண்டு.

கடையே போலி என்று தெரிந்தால் கதை வேறு. அது ஏமாற்றுக் குற்றம். அப்போது ஒரு மாதம் காத்திருக்கக் கூடாது. உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேச வேண்டும். பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்லி யாரேனும் ஓ.டி.பி. எண் கேட்டால், ஒருபோதும் சொல்லக் கூடாது. பணம் பெறுவதற்கு இரகசிய எண் தேவையில்லை.

முடிவுரை

தோழியரே! எட்டாயிரம் ரூபாய்க்காக யார் ஆணையம் வரை போவார்கள் என்று வாய் திறவாத கடை நினைக்கிறது. பெரும்பாலோர் போகாததால் அந்த நினைப்பு அதற்கு இலாபமாகிறது. விட்டுக்கொடுத்தல் நல்ல குணமே. ஆனால் உழைத்துச் சேர்த்த பணத்தை, கேட்க அலுத்துப்போய் விடுவது விட்டுக்கொடுத்தல் ஆகாது. நாம் கேட்பது தானம் அன்று, நம்முடையதை.

நம் வீடுகளில் ஆன்லைனில் ஆர்டர் செய்யத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் நாமே. பாட்டிக்கு மூக்குக் கண்ணாடியும், அம்மாவுக்கு மிக்ஸியும் நம் விரலால்தான் வாங்கப்படுகின்றன. வாங்கித் தரத் தெரிந்த நாம், பழுதானால் புகார் எழுதித் தரவும் கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளியில் கடிதம் எழுதும் பயிற்சியில் நாள், இடம், பெறுநர், பொருள் என்று வரிசையாக எழுதிப் பழகுகிறோமே, அது மதிப்பெண்ணுக்காக மட்டும் அன்று. தேதியிட்டு எழுதிய ஒரு பக்கக் கடிதம், முகம் தெரியாத கடையையும் பதில் சொல்ல வைக்கும்.

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி