கரை ஒதுங்கிய டால்பின்: முதல் சில மணி நேரத்தில் செய்ய வேண்டியவை

1987-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் டால்பின்கள் செத்து ஒதுங்கத் தொடங்கின. நியூஜெர்சியில் தொடங்கிய சாவு தெற்கே ஃப்ளோரிடாவரை பரவியது. அடுத்த ஆண்டு ஓய்வதற்குள் 740-க்கும் மேற்பட்ட உடல்கள் கரை சேர்ந்திருந்தன. கடல் நுண்பாசி உண்டாக்கும் நஞ்சுதான் காரணம் என்று அப்போது முடிவு சொல்லப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து, சேமித்து வைத்திருந்த திசுத் துண்டுகளை ஆய்வாளர்கள் மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் மார்பிலி வைரஸ் இருந்தது. மனிதருக்குத் தட்டம்மையையும் நாய்களுக்கு டிஸ்டெம்பர் நோயையும் தரும் வைரஸ்களின் நெருங்கிய உறவு அது.

2013-இல் அதே கரையில் அதே வைரஸ் மீண்டும் வந்தது. 2015-க்குள் 1,600-க்கும் அதிகமான டால்பின்கள் கரை ஒதுங்கின. ஆனால் இந்த முறை சில வாரங்களுக்குள் நோயின் பெயர் தெரிந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆய்வகக் கருவிகள் மேம்பட்டிருந்தன. கரையோரம் முழுக்க, ஒதுங்கிய உடலை உடனே பார்த்து, மாதிரி எடுத்து, பதிவு செய்யும் பயிற்சி பெற்ற குழுக்களும் உருவாகியிருந்தன.

தமிழகக் கடற்கரைக்கும் டால்பின்கள் ஒதுங்குகின்றன. மீனவர்கள் ஓங்கில் என்று சொல்லும் இவற்றை முதலில் பார்ப்பவர்கள் பெரும்பாலும் வலை இழுக்க வந்தவர்களும் காலை நடைக்கு வந்தவர்களும்தான். அவர்கள் என்ன செய்ய வேண்டும், பிறகு வரும் கால்நடை மருத்துவர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

1. கடலுக்குள் தள்ளிவிடாதீர்கள்

உயிரோடு கிடக்கும் டால்பினைப் பார்த்ததும் நாலு பேர் சேர்ந்து தண்ணீருக்குள் தள்ளுவது இயல்பாக எழும் இரக்கம். ஆனால் தனியாக ஒதுங்கும் டால்பின் பெரும்பாலும் நோயாலோ காயத்தாலோ நீந்த முடியாமல் வந்ததாகவே இருக்கும். திருப்பி அனுப்பினால் மூச்சுத் திணறி மூழ்கும், அல்லது சற்றுத் தள்ளி மறுபடி ஒதுங்கும். மார்பிலி வைரஸ் முக்கியமாக மூச்சுக்காற்றில் தெறிக்கும் துளிகள் வழியே பரவுவது. நோயுற்ற ஒன்று கூட்டத்துக்குத் திரும்பினால், பக்கத்தில் எழுந்து மூச்சுவிடும் மற்றவற்றுக்கும் நோய் போகும்.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. வலையில் சிக்கிய, துடிப்போடு இருக்கும் டால்பினை நடுக்கடலிலேயே உடனே விடுவிக்க வேண்டும். கூட்டமாக ஒதுங்கும் திமிங்கில வகைகளின் நிலையும் வேறு. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது மீனவர்களும் அதிகாரிகளும் பலவற்றைக் கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டார்கள். அங்கே ஒன்றை ஒன்று பின்தொடரும் கூட்ட இயல்பும் சேர்ந்து வேலை செய்கிறது. அப்படிப்பட்ட நேரத்திலும் எதை அனுப்பலாம், எதை அனுப்பக் கூடாது என்று கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்வதே நல்லது.

2. தகவல் சொல்லுங்கள்

டால்பின்கள் அனைத்தும் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எனவே முதல் அழைப்பு வனத்துறைக்குப் போக வேண்டும். பக்கத்து வனச்சரக அலுவலகத்தின் எண்ணை மீனவர் சங்கக் கட்டடத்திலும் ஏலக்கூடத்திலும் இப்போதே எழுதி வைத்துவிடலாம். எண் தெரியாவிட்டால் காவல் நிலையம் வழியாகவும் சொல்லலாம்.

அழைக்கும்போது ஐந்து செய்திகள் போதும்: இடம், பார்த்த நேரம், உயிர் இருக்கிறதா, எத்தனை, ஏறத்தாழ எவ்வளவு நீளம். செல்பேசியில் இருப்பிடத்தை அனுப்பினால் குழு வழி தேடி அலைய வேண்டியிருக்காது.

3. படம் எடுங்கள், எண்ணுங்கள்

முழு உடல், தலை, வாய், முதுகுத் துடுப்பு, தோலில் உள்ள புண்கள் என்று தனித்தனியாகப் படம் வேண்டும். அளவு தெரிய அருகில் ஒரு செருப்பையோ கோலையோ வையுங்கள். முதுகுத் துடுப்பின் வெட்டுகளையும் வடுக்களையும் வைத்து ஆய்வாளர்கள் டால்பினைத் தனித்தனியாக அடையாளம் காண்கிறார்கள் என்பதால் அந்தப் படம் மிக முக்கியம்.

உயிரோடு இருந்தால் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மூச்சுவிடுகிறது என்று எண்ணிக் குறியுங்கள். நலமாக உள்ள குப்பிமூக்கு டால்பின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 முதல் 4 முறை மூச்சுவிடும். எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால் நிலைமை மோசமாகிறது என்று பொருள்.

4. மருத்துவர் வரும்வரை காப்பாற்றுங்கள்

தடித்த கொழுப்புத் தோல் கொண்ட டால்பினுக்குக் கரையில் முதல் எதிரி சூடு. தார்ப்பாய் கட்டி நிழல் கொடுங்கள். ஈரத்துணியால் உடலைப் போர்த்துங்கள். துடுப்புகளும் வாலும் உடல் சூட்டை வெளியேற்றுபவை என்பதால் அவை காயக் கூடாது. தலை உச்சியில் உள்ள மூச்சுத்துளையை மட்டும் துணியும் தண்ணீரும் மணலும் நெருங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் மெதுவாக வயிற்றுப் பக்கம் படுக்கும்படி நிமிர்த்தி, மார்புத் துடுப்புகளுக்குக் கீழே மணலில் குழி பறியுங்கள். வாலையோ துடுப்பையோ பிடித்து இழுத்தால் மூட்டு பிசகும். வாலருகே நின்றால் ஒரே வீச்சில் மனிதருக்கு எலும்பு முறியும். கூட்டத்தையும் சத்தத்தையும் தள்ளி வையுங்கள். செல்ஃபிக்கு இது இடமில்லை.

5. உங்களையும் காத்துக்கொள்ளுங்கள்

டால்பின்களின் மார்பிலி வைரஸ் மனிதருக்குத் தொற்றியதாகத் தெரியவில்லை. ஆனால் ஒதுங்கிய உடலில் வேறு கிருமிகளும் இருக்கலாம். புருசெல்லா என்ற பாக்டீரியா மனிதருக்குத் தொற்றக்கூடியது. 2022 மார்ச்சில் ஃப்ளோரிடாவில் இறந்த ஒரு குப்பிமூக்கு டால்பினின் மூளையில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் கண்டறியப்பட்டது. அதே ஆண்டு சுவீடனில் ஒரு கடற்பன்றியிலும் அது இருந்தது.

ஆகவே கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொட வேண்டாம். காற்று வரும் பக்கமாக நில்லுங்கள். மூச்சுத்துளைக்கு நேரே குனிய வேண்டாம். கையில் வெட்டுக்காயம் உள்ளவர்கள் விலகி நிற்கட்டும். தெருநாய்களைக் கட்டாயம் விரட்டுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மார்பிலியும் இன்ஃபுளுவென்சாவும் கொழுப்பு உறை கொண்டவை. சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும்.

6. நோய்க்குறிகளைப் படியுங்கள்

இது வனத்துறைக் குழுவுக்கும் கால்நடை மருத்துவருக்கும் உரியது. மூச்சுத்துளைக்குப் பின்னால் கழுத்துப் பகுதி பள்ளமாக ஒட்டியிருந்தால் டால்பின் பல நாள் இரையெடுக்கவில்லை. வாய்ப்புண், கண்ணழற்சி, இழுப்பு மூச்சு, வட்டமடித்து நீந்துதல், வலிப்பு ஆகியவை மார்பிலி தொற்றில் காணக்கூடியவை. பச்சை குத்தியது போன்ற புள்ளிப் பட்டைகள் தோலில் இருந்தால் அது பாக்ஸ் வைரஸாக இருக்கலாம். அதனால் மட்டும் சாவு நேர்வது அரிது.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு கட்ட முடியாது. மார்பிலி வைரஸ் நோய் எதிர்ப்பாற்றலை அடித்துப்போடுவதால் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் பின்னாலேயே வந்துவிடும். நுரையீரலில் பூஞ்சையைப் பார்த்ததும் ஆய்வை நிறுத்தினால், அதற்கு வழிவிட்ட வைரஸ் தப்பிவிடும்.

7. இறந்துவிட்டால் ஐஸ் வையுங்கள்

ஒதுங்கிய உடலை ஆய்வாளர்கள் ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள்: உயிருள்ளது, புதிதாக இறந்தது, ஓரளவு அழுகியது, மிகவும் அழுகியது, காய்ந்த உடல் அல்லது எலும்பு. இரண்டாம் நிலையில்தான் வைரஸைத் தேடுவது எளிது. மார்பிலியின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ, சூட்டில் விரைவாகச் சிதையும். நம் கரையின் வெயிலில் சில மணி நேரமே போதும், உடல் அடுத்த நிலைக்குப் போய்விடும்.

மீன்பிடித் துறைமுகங்களில் ஐஸுக்குப் பஞ்சமில்லை. உடலை நிழலில் வைத்து, சுற்றிலும் ஐஸ் அடுக்கி, சாக்கால் மூடுங்கள். உறையவைக்க வேண்டாம், திசுவுக்குள் ஐஸ் படிகங்கள் உருவானால் நுண்ணோக்கியில் செல்களைத் தெளிவாகப் பார்க்க முடியாது.

8. ஒவ்வோர் உறுப்பிலும் இரண்டு துண்டு

உடற்கூறாய்வில் நுரையீரல், மூளை, மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள், சிறுநீரகம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது இரண்டு துண்டுகள் வேண்டும். ஒன்று ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தடிமன் இல்லாமல், பத்து மடங்கு அளவு 10 சதவீத ஃபார்மலினில் மூழ்கட்டும். நுண்ணோக்கியில் நோயின் தடயங்களைப் பார்க்க அது உதவும். மற்றது வைரஸின் ஆர்.என்.ஏவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் சோதனைக்கு. மைனஸ் 80 டிகிரிக் குளிரில் இருக்க வேண்டும்.

மண்டையோட்டைத் திறப்பது சிரமமான வேலை. அதனால் மூளையை விட்டுவிடும் ஆசை எழும். விட்டுவிடக் கூடாது. மத்தியதரைக் கடலில் 1990 முதல் 1992 வரை ஆயிரக்கணக்கான வரி டால்பின்களைக் கொன்ற தொற்றுக்குப் பிறகு, சில டால்பின்களில் வைரஸ் மூளையில் மட்டுமே தங்கியிருந்தது தெரியவந்தது.

இரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் இருந்தால் அது முன்பு எப்போதோ வந்து போன தொற்றாகவும் இருக்கலாம். திசு, பிசிஆர், இரத்தம் மூன்றையும் சேர்த்தே காரணம் சொல்ல வேண்டும். மாதிரியில் ஒரு பகுதியைச் சேமித்தும் வையுங்கள். 1987-இன் புதிரை அவிழ்த்தது அப்படிச் சேமித்த திசுதான்.

9. உடலை அகற்றிய பிறகும் கண் வையுங்கள்

உடலைக் கடலில் வீசக் கூடாது. ஓதம் எட்டாத மேட்டில், நாய்கள் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். கத்தி, காலணி, வண்டி எல்லாவற்றையும் பிளீச்சிங் கரைசலால் கழுவ வேண்டும்.

அடுத்த சில வாரங்களுக்குப் பக்கத்து ஊர்களிலும் விசாரித்துக்கொண்டே இருங்கள். பிரேசிலின் செபெடிபா, இல்யா கிராண்டே விரிகுடாக்களில் 2017 இறுதியில் தொடங்கிய மார்பிலி தொற்று, சில மாதங்களில் 200-க்கும் மேற்பட்ட கயானா டால்பின்களைப் பலிகொண்டது. ஒரே வாரத்தில் இரண்டு மூன்று ஊர்களில் உடல் ஒதுங்கினால், வனச்சரக அலுவலகத்துக்கு அந்தத் தேதிகளையும் இடங்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லுங்கள். தனித்தனி அலுவலகக் கோப்புகளில் கிடக்கும்வரை அவை தனித்தனிச் சாவுகளாகத்தான் தெரியும்.